பிடிக்கப் பிடித்த மீனும் தின்னப் பிடித்த மீனும்

தமிழ்ல 'பிடிக்கும்'ங்கற வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் இருக்கறதால வர்ற குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்ல. "உனக்கு எந்தக் கடல்மீன் பிடிக்கும்?"னு ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டார். "பிடிக்கறதுக்கா, திங்கறதுக்கா?"ன்னு திருப்பிக் கேட்டேன். மேலயும் கீழயும் பார்த்துட்டு, "உங்க ஊர் எது?"ன்னார். பந்தல்குடின்னேன். "அது அருப்புக்கோட்டை பக்கம்ல? அங்க குடிக்கவே தண்ணி கிடையாது, நீ மீன் பிடிச்சே!"ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டார்.

சிரிக்கட்டும். அவர் சொன்னதுல பாதி உண்மைதான். எங்க பக்கம் வானம் பார்த்த பூமி. கம்பு, சோளம், பருத்தி, மல்லி, மிளகாய். மழை பெய்ஞ்சா வெள்ளாமை, இல்லேன்னா வேலிக்கருவை. ஆனா மதுரை - தூத்துக்குடி ரோடு எங்க ஊர் வழியாத்தான் போகுது. தெற்கே ஒன்றரை மணி நேரம் போனா தூத்துக்குடி. நாகலாபுரம், விளாத்திகுளம்னு உள்ரோட்டுல இறங்கினா வேம்பார் கடற்கரை. கரிசலும் கடலும் அக்கம்பக்கத்து வீடுதான், என்ன... நடுவுல பேச்சுவார்த்தை கம்மி.

எங்க அப்பா அந்த ரோட்டோரத்துல டீக்கடை வச்சிருந்தார். விடிகாலையில மதுரைக்குப் போற மீன் வண்டிகள் நிக்கும். பின்னாடி ஐஸ் உருகி ரோட்டுல ஒழுகும். நான் சின்னப்புள்ளையில கடலை மூக்காலதான் முதல்ல தெரிஞ்சுக்கிட்டேன். :-) ஆனா அந்த வண்டியில இருந்து எங்களுக்கு மீன் இறங்கினதா ஞாபகமே இல்ல. எங்களுக்கு இறங்கினது கருவாடு!

சரி, திங்கறதுல இருந்தே ஆரம்பிப்போம்.

கருவாடுங்கறது கரிசக்காட்டுக்காரனுக்குக் கடல் எழுதின லெட்டர். ஐஸ் வேண்டாம், கரண்ட் வேண்டாம், அவசரம் வேண்டாம். சந்தையில நெத்திலி, சாளை, வாளைன்னு சாக்குல குவிச்சு வச்சிருப்பாங்க. கம்பங்கஞ்சிக்குச் சுட்ட கருவாடு, கத்தரிக்காயும் மொச்சையும் போட்டுக் கருவாட்டுக்குழம்பு. வசதியான வீட்டுல மாசி. மாசின்னா சூரை மீனை அவிச்சுக் காய வச்சுக் கட்டை மாதிரி ஆக்கினது. அதை இடிச்சுச் சம்பல் செஞ்சா ரெண்டு தட்டு சோறு அதிகமா இறங்கும். உப்பு உற்பத்தியில இந்தியாவுல குஜராத்துக்கு அடுத்தது தமிழ்நாடு, அதுலயும் பெரும்பங்கு தூத்துக்குடி. மீனும் உப்பும் வெயிலும் ஒரே இடத்துல கிடைச்சா கருவாடு பொறக்காம என்ன செய்யும்?

பச்சை மீன் விஷயத்துல பெரிய தலைவலி பேருதான் மக்களே. சென்னையில வஞ்சிரம்னு சொல்றதை தூத்துக்குடிப் பக்கம் சீலான்னுவாங்க. கன்னியாகுமரி, கேரளா பக்கம் போனா நெய்மீன். யாழ்ப்பாணத்து நண்பர் அறக்குளாங்கறார். சென்னையில போய் "சீலா குடுங்க"ன்னா நீளமா, பல்லைக் காட்டிக்கிட்டு வேற மீனைத் தூக்கிப் போடுவாங்க. அதுக்கு எங்க பக்கக் கடற்கரையில ஊழின்னு பேரு. ஒரே வேரியபிளுக்கு நாலு பேரு, ஒரே பேருக்கு ரெண்டு வேரியபிள். இந்த மாதிரி கோடு எழுதினா எங்க டீம் லீட் என்னைக் கொன்னே போட்டுருவார்.

வஞ்சிரம் நல்ல மீன்தான், மறுக்கல. முள் கம்மி, வறுத்தா அழகா இருக்கும், கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி. ஆனா தடைக்காலத்துல கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும்போது அதுல ருசியைவிட கவுரவத்தைத்தான் அதிகமா திங்கறோமோன்னு சந்தேகம் எனக்கு. (தடைக்காலம்னா, நம்ம கிழக்குக் கடற்கரையில வருஷா வருஷம் ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. முன்னாடி 45 நாளா இருந்தது, 2017-ல கூட்டினாங்க.)

என் ஓட்டு விளமீனுக்கு. பவளப்பாறை, கடல்புல் பக்கம் மேயற மீன். நண்டு, சிப்பி, நத்தைன்னு ஓட்டோட கடிச்சு நொறுக்கிச் சாப்பிடும். அவ்வளவு நல்ல சாப்பாடு சாப்பிடற மீன் ருசியா இல்லாம எப்படி இருக்கும்? வெள்ளைச் சதை, குழம்புல உடையாது, மறுநாள் இன்னும் ருசி ஏறும். தூத்துக்குடிக்காரங்க தேங்காய் அரைச்சு, மாங்காய் போட்டு வைப்பாங்க. எங்க அம்மா கையில தேங்காய் கிடையாது. நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், வெந்தயம், கெட்டிப் புளி, முண்டு வத்தல். அவ்வளவுதான். (ராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சது. எங்க வீட்டுல அதுக்கு ரொம்ப முன்னாடியே குடுத்தாச்சு.)

மீன் குழம்புல ஏன் புளி, மாங்காய்னு புளிப்பு இல்லாம இருக்கறதே இல்ல? கடல்மீனோட கவிச்சி வாடைக்குக் காரணம் ட்ரைமெத்தில் அமீன். மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை உண்டாக்குது. அது காரம். புளி அமிலம். ரெண்டும் சேர்ந்தா உப்பாகிடும், ஆவியாகி மூக்குக்கு வராது. ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியில இதைச் சொல்லிக் குடுத்திருந்தா இன்னும் நாலு மார்க் வாங்கியிருப்பேன்.

கண்மாய் மீன் கதை வேற. எங்க ஊர்ப் பக்கம் மீன்பிடின்னாலே கண்மாய்தான். தண்ணி வத்தி, கண்மாய் அழியற அன்னைக்கு ஊரே ஊத்தாவும் கையுமா இறங்கும். கெண்டை, கெளுத்தி, விரால். பிடிக்கறது ஒரு திருவிழா. ஆனா சில சமயம் குழம்புல சேத்து வாடை அடிக்கும். அதுக்குக் காரணம் ஜியோஸ்மின்னு ஒரு பொருள். மண்ணுல இருக்கற நுண்ணுயிரியும் தண்ணியில இருக்கற நீலப்பச்சைப் பாசியும் உண்டாக்கறது. வேடிக்கை என்னன்னா, முதல் மழை பெய்ஞ்சதும் கரிசல்ல இருந்து கிளம்புற மண்வாசனையிலயும் இருக்கறது அதேதான்! மூச்சு முட்ட இழுத்து, "ஆகா"ன்னு சொல்ற அதே வாசனையை மீன் துண்டுல கண்டா முகத்தைச் சுளிக்கறோம். மனுசப் பய புத்தி.

இப்ப பிடிக்கறதுக்கு வருவோம்.

காலேஜுல கூடப் படிச்சவன் ஒருத்தன் வேம்பார்க்காரன். அவன் சித்தப்பாவுக்குச் சொந்தமா வள்ளம் உண்டு. "கரிசக்காட்டுப் பிள்ளைய ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க சித்தப்பா"ன்னு நானே கெஞ்சி ஏறினது. ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போக மாட்டாங்க, கோயிலுக்குப் போகணும். அதனால லீவு போட்டுட்டு ஒரு சனிக்கிழமை சேர்த்துப் போனேன். முதல் ஒரு மணி நேரம் என்ன நடந்ததுன்னு விவரமா எழுத வேண்டாம்னு பார்க்கறேன். காலையில சாப்பிட்ட இட்லிக்கும் எனக்கும் நடுவுல நடந்த சமாச்சாரம் அது. சித்தப்பா திரும்பிக்கூடப் பார்க்காம, "தம்பி, கரையைப் பாரு, தண்ணியப் பாக்காத"ன்னார். அதுக்கப்புறம் சரியாச்சு.

கடலுக்கு அடியில இருக்கற பாறைத் திட்டுக்குப் 'பார்'னு பேரு. முன்னாடி முத்துக்குளிச்சதெல்லாம் இந்த மாதிரி பார்லதான். மீனும் அங்கதான் கூடும். பட்டை தீட்டின மாதிரி எல்லாப் பக்கமும் ஒண்ணுபோலத் தெரியற தண்ணியில பார் எங்க இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? கரையில தெரியற ரெண்டு அடையாளத்தை ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா நேர்ல கொண்டுவரணும். பனங்கூட்டம் ஒண்ணு, கோயில் கோபுரம் ஒண்ணு. இன்னொரு பக்கம் வேற ரெண்டு. ரெண்டு கோடும் வெட்டிக்கற இடம்தான் பார். பத்தாங்கிளாஸ்ல கிராஃப் பேப்பர்ல நாம செஞ்சதை இவங்க தலைமுறை தலைமுறையா கடல் மேல செஞ்சிருக்காங்க. இப்போ ஜி.பி.எஸ். வந்தாச்சு. ஹைதராபாத்துல 1999-ல ஆரம்பிச்ச இன்காய்ஸ் நிறுவனம், கடல்மேல் வெப்பநிலையையும் பாசியோட பச்சையத்தையும் செயற்கைக்கோள்ல அளந்து, இந்தப் பக்கம் மீன் கூடலாம்னு தகவல் அனுப்புது. சித்தப்பாவும் போன்ல ஜி.பி.எஸ். பார்த்தார். பார்த்துட்டு, தலையைத் தூக்கிப் பனைமரத்தையும் ஒரு தடவை பார்த்துக்கிட்டார். டபுள் செக்!

கைத்தூண்டில்தான். நரம்பு, முள், ஈயக்குண்டு, கணவாய்த் துண்டு இரை. விரல்ல சைக்கிள் ட்யூப்பை வெட்டிச் சுத்திக்கணும், இல்லேன்னா நரம்பு விரலை அறுத்துரும். விளமீன் கடிக்கறது டொக் டொக்னு ஒரு தந்தி மாதிரி வரும். களவா கடிச்சா நேரா பாறை இடுக்குக்குள்ள போய் உக்காந்துக்கும், உடனே இழுக்கலேன்னா முள்ளும் போச்சு, மீனும் போச்சு.

ஆனா எனக்குப் பிடிக்கப் பிடிச்சது பாறை மீன்தான். பேருதான் பாறை, ஓட்டம் குதிரை. கடிச்ச வேகத்துல கை முன்னாடி போகுது. அது கீழே போகாம பக்கவாட்டுல வட்டம் அடிக்கும். தட்டையான உடம்பைத் தண்ணிக்குக் குறுக்கே காட்டி இழுக்கறதால ரெண்டு கிலோ மீன் பத்து கிலோ மாதிரி இருக்கும். "விடுலே... விடு... இப்ப இழு!"ன்னு சித்தப்பா சொல்லச் சொல்ல நான் விட்டு விட்டு இழுத்து, வெள்ளி மாதிரி ஒண்ணு மேல வந்தது. அது வரைக்கும் 'தம்பி'யா இருந்தவன் அந்த நிமிஷத்துல இருந்து 'லே' ஆயிட்டேன். எந்த அப்ரைசல்லயும் எனக்கு அவ்வளவு பெரிய ப்ரமோஷன் கிடைச்சதில்ல.

திரும்பி வரும்போது தூரத்துல தீவு தெரிஞ்சது. மன்னார் வளைகுடாவுல ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல 21 தீவுன்னு கணக்கு. 1986-ல கடல் தேசியப் பூங்கா ஆக்கினாங்க, அனுமதி இல்லாம இறங்கக் கூடாது. வேம்பார்த் தீவுகளோட பேரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு: நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புழுவினிச்சல்லி. எங்க ஊர்ப் பக்கம் கிணத்துக்குப் பேரு வைக்கறதே இப்படித்தான். நல்லதண்ணிக் கிணறு, உப்புத்தண்ணிக் கிணறு! தாகத்துல பேரு வைக்கறவன் கரையில இருந்தா என்ன, கரிசல்ல இருந்தா என்ன.

அந்த 21-ல ரெண்டு தீவு, பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும், இப்போ தண்ணிக்குள்ள. சுத்தி இருந்த பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வருஷக்கணக்கா வெட்டி எடுத்தது முக்கியக் காரணம்னு சொல்றாங்க. பவளப்பாறை அலையைத் தடுக்கற சுவர். சுவரை எடுத்தா வீடு போகும். 2001-ல பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில சேர்த்த பிறகுதான் வெட்டறது படிப்படியா நின்னது. பந்தல்குடியைச் சுத்திப் பூமியைத் தோண்டிச் சுண்ணாம்புக்கல் எடுக்கறதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். தோண்டின இடத்துல என்ன மிஞ்சும்னு எனக்குத் தெரியும். குழி மிஞ்சும். கடல்ல குழி கண்ணுக்குத் தெரியாது, மீன் வராம போறப்பதான் தெரியும்.

"எங்கய்யா காலத்துல இந்தப் பார்ல இடுப்பு உசரக் களவா கிடந்திச்சி"ன்னார் சித்தப்பா. நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது ஒண்ணு: களவா பொறக்கறப்போ பொட்டை. வளர்ந்து பெருசானதுல சிலதுதான் ஆணா மாறும். பெரிய மீனா பார்த்துப் பார்த்துப் பிடிச்சா, கடைசியில மாப்பிள்ளையே இல்லாத ஊரா ஆயிடும். அதனால பெருசும் பாவம், குஞ்சும் பாவம். நடுத்தரமா ரெண்டு போதும்னு தூண்டில்காரனால நிறுத்திக்க முடியும். அடியோட அரிச்சு எடுக்கற இழுவை மடியால முடியாது.

கடைசியா வீட்டுச் சமாச்சாரம் ஒண்ணு. அப்பாவுக்குப் போன வருஷம் பிரஷர் ஏறி, டாக்டர் கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூணையும் நிறுத்தச் சொல்லிட்டார். ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள்ள உப்புங்கறது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. கருவாட்டுல அது ஒரு கைப்பிடி. அறுபது வருஷமா கருவாட்டோட கஞ்சி குடிச்ச மனுசன், தட்டுக்கு முன்னாடி உக்காந்து எதையோ தேடற மாதிரி பார்க்கறார். வாயைத் திறந்து ஒண்ணும் கேக்கல. அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது.

இப்போ மாசம் ரெண்டு தடவை வேம்பார்ல இருந்து பஸ்ல ஒரு ஐஸ்பெட்டி வருது. ஒரு பங்கு மீனுக்கு ஒரு பங்கு ஐஸ், அது சித்தப்பாவோட கண்டிஷன். சூரை, அயிலை, சீலா மாதிரி மீனெல்லாம் சூட்டுல கிடந்தா ஹிஸ்டமின் ஊறிடும். அப்புறம் எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது. முகம் சிவந்து, தலை வலிச்சு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். எங்க ஊர் வெயிலுக்கு ஐஸ்ல கஞ்சத்தனம் ஆகாது. பெட்டியில பெரும்பாலும் விளமீன்தான் இருக்கும். முதல் தடவை அம்மா உப்பைப் பாதியா குறைச்சு, புளியைக் கூட்டி வச்சாங்க. அப்பா ஒரு வாய் சாப்பிட்டார். "உப்பு பத்தல"ன்னார். ரெண்டாவது துண்டையும் எடுத்துக்கிட்டார்.

ஆக, ஆபீஸ் நண்பருக்கு என் பதில்: பிடிக்கப் பிடிச்சது பாறை, தின்னப் பிடிச்சது விளமீன், விட முடியாதது கருவாடு. அப்பாவுக்கு முன்னாடி மட்டும் அந்த மூணாவதைத் திங்கறதில்ல.