மரத்துப்பாக்கிக்கு ஒரு உறை

நம் ஊரில் பேகம்பூர் பக்கமாகப் பள்ளிக்கூடம் போவோமே, அந்தக் குறுக்குப் பாதை நினைவிருக்கிறதா? தோல் பதனிடுகிற ஷாப்பின் மதில் தொடங்குகிற இடம் வந்ததும் நீங்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவீர்கள். நான் மட்டும் நடந்தே வருவேன். முதலில் சுண்ணாம்புக் குழியின் வீச்சம். அதைத் தாண்டினால் ஆவாரம்பட்டை ஊறுகிற வாசம். மழையில் நனைந்த விறகும் ஆறிப்போன கடுந்தேநீரும் கலந்த மாதிரி. எங்கள் அப்பாவின் வேட்டியிலும் அதே வாசம்தான். ஓடினால் அவரை விட்டு ஓடுவதுபோல இருக்கும் எனக்கு. இத்தனை வருஷத்தில் இதை உங்களிடம் சொன்னதில்லை.

அப்பா ஷாப்பில் வேலை பார்த்தவரில்லை. அங்கே தோல் வாங்கி வந்து எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து தைப்பார். செருப்பு, மாட்டுக்குச் சலங்கைப் பட்டை, கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலைக்குத் தும்பி. மோட்டார் பம்பு வந்ததும் தும்பி கேட்டு யாரும் வரவில்லை. போலீஸ்காரர்கள் வந்தால் பெல்ட்டும் பவுச்சும். பவுச்சு என்றால் ரிவால்வர் வைக்கிற உறை. நிஜத் துப்பாக்கியை எங்கள் வாசலில் விட்டுவிட்டுப் போவார்களா? அதனால் தச்சரிடம் சொல்லி, குழல், உருளை, பிடி எல்லாம் அளவு பிசகாமல் வேப்பங்கட்டையில் ஒரு மரத்துப்பாக்கி செய்து வைத்திருந்தார். அதன்மேல்தான் தோலைப் படிய வைப்பார். நாங்கள் அதைத் தூக்கிக்கொண்டு எம்.ஜி.ஆரும் நம்பியாருமாக ஆடினால், குத்தூசிக் கைப்பிடியால் முட்டியில் ஒரு தட்டு விழும்.

போன மாசம் டிரங்குப் பெட்டியைக் குடைந்த பேரன் அதை எடுத்து வந்தான். "தாத்தா, இதோட பை எங்க?" என்றான். அப்பா எத்தனையோ உறை தைத்தார். ஒன்றுகூட வீட்டில் தங்கவில்லை. சரி, நானே தைக்கிறேன் என்று உட்கார்ந்தேன். வாழ்நாளெல்லாம் கணக்கு எழுதிய கை.

முதலில் கடையில் வழுவழுவென்று ஒரு தோல் வாங்கினேன். நனைத்தேன், துப்பாக்கிமேல் போர்த்தி அழுத்தினேன். கையை எடுத்ததும் ஈரத்துண்டு மாதிரி சரிந்து விழுந்தது. வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் உள்ளே நீலம் பாய்ந்திருக்கிறது. குரோம் தோல். சட்டைக்கும் கைப்பைக்கும் அது சரி. உருவத்தைப் பிடித்துக்கொண்டு விறைத்து நிற்காது. உறைக்குப் பட்டையில் பதனிட்ட தோல்தான் வேண்டும். ஆனால் பட்டையில் ஊறித் தோல் பதமாக ஒரு மாதம் போல ஆகும். குரோமில் சில நாளில் முடிந்துவிடும். 1970களில் அரைப்பதன் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டபின் குரோம் பெருகிவிட்டது. குழியும் பட்டையுமாக இருந்த அந்தப் பழைய உலகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் டி. செல்வராஜின் 'தோல்' நாவலைத்தான் புரட்ட வேண்டும்.

தெரிந்தவர் ஒருவர் மூலமாக மூன்றரை மில்லிமீட்டர் தடிமனில் பட்டைத்தோல் ஒரு துண்டு கிடைத்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன். வேறு வாசம். வாட்டில் பட்டையாம். கொடைக்கானல் மலையில் வாட்டில் மரத்தைத் தோல் பதனிடவும் நட்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாசம்தான் வேறு.

அட்டையில் அளவு எடுத்து, கோடு போட்டபடியே வெட்டித் தைத்தேன். துப்பாக்கி உள்ளே போகவில்லை. "தோலுக்கும் உடம்பு உண்டுடா" என்று அப்பா சொல்வது அப்போதுதான் உறைத்தது. துப்பாக்கியின் பருமனுக்கும் தோலின் தடிமனுக்கும் இடம் விடாமல் வெட்டிவிட்டேன். மிச்சத் தோலில் மறுபடி.

இப்போது என் கண்ணுக்குள் அப்பா உட்கார்ந்திருக்கிறார். வெதுவெதுப்பான தண்ணீரில் தோலை முக்கி எடுத்து, ஈரம் உள்ளே இறங்கட்டும் என்று சும்மா இருக்கிறார். அவசரமே கிடையாது. நிறம் லேசாக வெளுத்து வரும்போது மரத்துப்பாக்கிமேல் போர்த்துகிறார். மாட்டுக்கொம்புத் துண்டால் உருளையைச் சுற்றி, விசைக்காப்பு வளையத்தை ஒட்டி, அழுத்தி அழுத்தித் தேய்க்கிறார். தோலுக்குள்ளிருந்து துப்பாக்கி மெல்ல எழும்பி வருகிறது. நிழலில் ஒரு நாள் காய வேண்டும். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும் என்று அம்மாவைக்கூட நகர்த்தவிட மாட்டார். அப்புறம் தைக்கிற நீளத்துக்கு நாலு பங்கு நூல், மெழுகு தேய்த்து, இரண்டு முனையிலும் ஊசி. ஒரே துளையில் அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. "ஒரு நூல் அறுந்தா இன்னொண்ணு பிடிச்சுக்கும். மெஷின் தையல் அறுந்தா உருவிக்கிட்டே போவும்." மெஷின்மேல் அவருக்கு அப்படி ஒரு பகை.

கறுப்புச் சாயம் கொல்லையில் ஒரு பானையில் இருக்கும். துருப்பிடித்த ஆணியும் வெல்லமும் போட்டுப் புளிக்க வைத்த தண்ணீர். பட்டைத்தோலில் தடவினால் கண்ணெதிரே கறுக்கும். கடைசியில் புங்க எண்ணெய். அந்தக் கசப்பு வாசத்தோடுதான் இரவுச் சோறு.

எனக்குக் கொம்பு கிடைக்கவில்லை. கரண்டிக் காம்பால் தேய்த்தேன். தையல் கோணல். மூடியின் பித்தளைப் பித்தான் அரை விரல் தள்ளி உட்கார்ந்துவிட்டது. ஆனாலும் மரத்துப்பாக்கி உள்ளே போய் நிற்கிறது, கவிழ்த்தாலும் விழவில்லை. பேரன் இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுகிறான். அவன் கிட்டே வரும்போதெல்லாம் நான் மோந்து பார்க்கிறேன்.

நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் சரி, ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் கண்ணில் பட்டால் எனக்காக ஒரு சாண் வாங்கி வையுங்கள். இந்தத் தடவை மூக்கைப் பொத்த வேண்டாம்.