காலை எத்தனை மணிக்கு?

மருந்துச் சீட்டில் 1-0-1, அதாவது காலை ஒன்று, இரவு ஒன்று, என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குள் யாருடைய நாள் இருக்கிறது என்று யோசிப்பேன். விடிந்ததும் எழுந்து, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, இருட்டியதும் தூங்குகிறவருடைய நாள் அது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறிப் போகிறவர்களுக்கு அப்படியொரு நாள் கிடையாது. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவருக்குக் காலை ஏழு மணி, படுக்கிற நேரம்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணனுக்கு சுகர், பிரஷர், தைராய்டு மூன்றும் உண்டு. தைராய்டு மாத்திரைக்கு வெறும் வயிறு வேண்டும். சுகருக்கான மெட்ஃபார்மினுக்குச் சாப்பாடு வேண்டும். இன்னொரு சுகர் மாத்திரையான கிளிமிபிரைடைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் தூங்கிவிட்டால் சர்க்கரை இறங்கி வேர்த்துக்கொட்டும், கை நடுங்கும். ஒருநாள் அவருக்குத் துணையாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். நர்ஸ் சீட்டைப் பார்த்தார். அண்ணன் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையையும் பார்த்தார்.

"அண்ணா, இந்த வாரம் உங்களுக்குக் காலை எத்தனை மணிக்கு?"

அண்ணன் கொஞ்சம் முழித்துவிட்டு, "சாயங்காலம் நாலு மணிக்கு, சிஸ்டர்" என்றார்.

நர்ஸ் டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்து, ஒரு வெள்ளைத்தாளில் மணியே போடாமல் எழுதிக்கொடுத்தார். எழுந்ததும் இது. முதல் சாப்பாட்டுக்கு முன்னால் இது. சாப்பாடு இல்லையென்றால் இதுவும் இல்லை. சாப்பிட்ட பிறகு இது. முழங்கால் வலிக்கு அண்ணன் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரையைப் பற்றிய பேச்சும் அப்போதுதான் வந்தது. அது பிரஷரை ஏற்றும், கிட்னிக்கும் ஆகாது என்று அதுவரை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தத் தாள் இன்றும் அவர் வீட்டு பீரோ கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தை முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்தது ஓசூர் இருக்கும் இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சுகர், பிரஷர் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அலைச்சலும் கூலி இழப்பும் குறைந்ததை நான் பெரிதாகவே மதிக்கிறேன். ஆனால் வந்த மாத்திரையைத் தன் நாளுக்குள் எங்கே வைப்பது என்பதை நோயாளிதான் தினமும் முடிவு செய்கிறார். அதற்கும் அவருக்குத் துணை வேண்டும்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கேட் லோரிக் இதைத்தான் பிடித்துக்கொண்டார். அவரும் நர்ஸ் படிப்பு படித்தவர். அவர் வகுத்த பயிற்சி ஆறு வாரம், வாரம் ஒருமுறை இரண்டரை மணி நேரம். மூட்டுவலிக்காரர், இதய நோயாளி, சர்க்கரைக்காரர் எல்லோரும் ஒரே வட்டத்தில் உட்காருவார்கள். வரும் வாரம் என்ன செய்யப்போகிறேன் என்பதை ஒவ்வொருவரும் தாமே சொல்ல வேண்டும். நடத்துகிறவர்களிலும் நீண்டகால நோயோடு வாழ்கிறவர்கள் உண்டு. 1999இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெறாதவர்களைவிடப் பயிற்சி பெற்றவர்கள் ஆஸ்பத்திரியில் படுத்த நாட்கள் குறைவாக இருந்தன.

சிப்காட் கேண்டீன்களில் இதையே சுருக்கி ஒரு வட்டமாகக் கூடுவதற்கு எந்தத் தடையும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஷிப்ட் முடிந்ததும் அரை மணி நேரத்தைக் கம்பெனி தன் கணக்கில் தர வேண்டும், அவ்வளவுதான். களி எவ்வளவு சாப்பிடலாம் என்று ஒருவர் தெலுங்கில் கேட்டால், அதே மொழியில் பதில் சொல்ல சுகரோடு பத்து வருஷம் ஓட்டிய பக்கத்து மெஷின்காரர் இருப்பார். அடுத்த வாரம் ஷிப்ட் மாறும்போது மாத்திரையை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.