உயிர்ப்பும் புளிப்பும்

தமிழ் பயிலும் எம்போலியர்க்குக் காரம் என்னுஞ் சொல் இரு பொருள் தருவது. அடுக்களையில் அது மிளகாயின் உறைப்பு. இலக்கண வகுப்பில் ஆகாரம், ஈகாரம் என எழுத்தைச் சார்ந்து நிற்கும் சாரியை. வேதியியல் நூலார் கூறும் காரமோ இவ்விரண்டின் வேறாயது. உவர்மண்ணிலும் சாம்பலிலும் சவுக்காரத்திலும் உள்ளதாய், அமிலத்தைத் தணிக்கும் இயல்பினது அது. அமிலமாவது எலுமிச்சை, புளி, காடி முதலியவற்றின் புளிப்புக்குக் காரணமாயிருப்பது. இவ்விரண்டும் நம் உடலினுள் ஒரு நிறைகோலின் இரு தட்டுகள்போல் நிற்கின்றன என்பதனையும், அக்கோல் சாயாது காப்பதில் மூச்சுக்குப் பெரும் பங்குண்டு என்பதனையும் யாம் ஒரு நோயாளியின் கட்டிலருகே கற்றோம். கற்றதனை ஈண்டு எழுதுகின்றோம்.

அமிலத்தின் மிகுதி குறைவுகளை அளத்தற்கு ஓர் எண்வரிசை உண்டு. டென்மார்க்கு நாட்டின் தலைநகராகிய கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பர்க் என்னும் பீர் வடிசாலையைச் சார்ந்த ஆய்வுக்கூடத்தில் தொண்டாற்றிய சோரன்சன் என்பார் 1909ஆம் ஆண்டில் அதனை வகுத்தார். பி.எச். என்பது அதன் பெயர். தூய நீரின் எண் 7. அதற்குக் கீழ்ப்பட்டது அமிலம், மேற்பட்டது காரம். ஓர் எண் இறங்கின் அமிலம் பத்து மடங்கு ஏறும். நம் இரைப்பை நீரின் எண் 2 எனக் கொண்டால், அஃது இரத்தத்தினும் இரண்டு இலட்சம் மடங்குக்கு மேல் அமிலம் மிக்கதாம். இரத்தமோ 7.35க்கும் 7.45க்கும் இடைப்பட்டதொரு குறுகிய வரப்பின்மேல் நடப்பது. 6.8க்குக் கீழாயினும் 7.8க்கு மேலாயினும் சென்றால் உயிர் தரித்தல் அரிது.

நாம் உண்ட உணவு எரிந்து ஆற்றலாகுங்கால் உடலில் அமிலம் இடையறாது பிறக்கின்றது. அதனைத் தடுத்து நிற்கும் காவல் மூன்று. இரத்தத்திற் கலந்துள்ள பைகார்பனேட்டு என்னும் உப்பு, அமிலத்தை அக்கணமே ஏற்று அதன் வன்மையை ஒடுக்கும். நுரையீரல் சில நிமிடங்களிற் கரியமிலவாயுவை வெளியேற்றும். சிறுநீரகம் எஞ்சியதனைச் சில நாட்களில் மெல்லக் கழிக்கும். கரியமிலவாயு என்ற பழம்பெயரிலேயே அமிலம் இருத்தலைக் காண்க; நீரிற் கலந்தால் அது அமிலமாவது உண்மை. நண்பர்காள், சிறிது நேரம் மூச்சையடக்கிப் பாருங்கள். உடனே எழும் தவிப்பு, பெரும்பாலும் பிராணவாயு குறைந்தமையால் எழுவதன்று. உள்ளே தேங்கிய கரியமிலவாயுவால் அமிலம் ஏறுதலை மூளை உணர்ந்து, 'மூச்சை விடு' என ஏவுதலால் எழுவது. இக்காவல்கள் இருத்தலின், கடைகளில் விலைப்படும் 'கார நீரை' வாங்கிப் பருகி இரத்தத்தைத் திருத்தலாம் என்பார் கூற்று நிரம்பாது. பருகிய காரம் இரைப்பையின் அமிலத்தால் தணியும். எஞ்சியதைச் சிறுநீரகம் கழித்துவிடும்.

சென்ற கோடை விடுமுறையில், பதினோராண்டு நிரம்பிய எம் இளவல் நாளுக்கு நாள் மெலிந்தான். ஓயாது நீர் வேட்டான். இரவிற் பலகால் சிறுநீர் கழிக்க எழுந்தான். ஒருநாள் வாந்தியுண்டாகிப் படுக்கையிற் சாய்ந்தவன், மாலையில் நெடுந்தூரம் ஓடி வந்தவனைப்போல் ஆழ்ந்தும் விரைந்தும் மூச்சு விடலானான். வாயிற் பழுத்த பழத்தின் மணம் வீசிற்று. அயலார் இழுப்பு என்றனர். தந்தையார் அவனைத் தோளிற் சாய்த்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தார். யாமும் உடன் சென்றோம். மருத்துவர் அம்மூச்சைக் கண்ட அளவிலே இரத்தத்தைச் சோதிக்கப் பணித்தார். பின்பு எம்மை நோக்கி, "தம்பி, இது இழுப்பு அன்று, நீரிழிவு. இன்சுலின் இன்மையால் உடம்பு சர்க்கரையை விட்டுக் கொழுப்பை எரிக்கிறது. அதனால் இரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது. அதனை மூச்சின் வழியே வெளியே தள்ளத்தான் இவன் உடம்பு இப்படிப் பாடுபடுகிறது" என்றார். சோதனையிற் கண்ட எண் 7.1. நலமுடையார்க்குரிய 7.4க்கும் இதற்கும் வேறுபாடு சிறிதெனத் தோன்றும். அமிலமோ இரு மடங்காகியிருந்தது.

இவ்வகை மூச்சை 1874இல் விளக்கி எழுதியவர் அடால்ஃப் குஸ்மால் என்னும் ஜெர்மானிய மருத்துவர். அக்காலத்தில் அது சாவின் முன்னறிவிப்பு. 1922இல் டொராண்டோ நகரில் நோயாளி ஒருவருக்கு முதன்முதல் இன்சுலின் ஏற்றப்பட்ட பின்னரே நிலை மாறிற்று. எம் இளவலுக்கு இரவு முழுதும் நாளத்தின் வழியே உப்புநீரும் இன்சுலினும் செலுத்தினர். அன்னையார் அவன் மார்பிற் கைவைத்து மூச்சை எண்ணிக்கொண்டேயிருந்தார். விடியுமுன் மூச்சுத் தணிந்தது. அவரும் எண்ணுதலை விடுத்தார். இன்று அவன் நாள்தோறும் இன்சுலின் ஏற்றிக்கொண்டு பள்ளி செல்கின்றான்.

அவனிடம் அமிலத்தை வெல்ல மூச்சு மிகுந்தது. மூச்சே குன்றிப்போனார்க்கு நேர்வது யாது? இதற்கு விடை, பி.எச். அளவு பிறந்த அதே கோபன்ஹேகனில் 1952ஆம் ஆண்டிற் கிடைத்தது. அவ்வாண்டு அந்நகரில் இளம்பிள்ளைவாதம் கொடிதாய்ப் பரவிற்று. பிளெக்டம் மருத்துவமனையில் மூச்சுத் தசைகள் செயலற்றுச் சேர்ந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்தனர். இரத்தத்திற் பைகார்பனேட்டு மிகுந்திருத்தலைக் கண்ட மருத்துவர், காரம் மிகுந்ததென்று கருதினர். பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருத்துவரோ, வெளியேறமாட்டாது தேங்கிய கரியமிலவாயுவின் விளைவே அது என்றும், உண்மையில் மிகுந்தது அமிலமே என்றும் கூறினார். ஆகஸ்டு 27ஆம் நாள், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையிற் குழாய் பொருத்தி, இரப்பர்ப் பையைக் கையால் அழுக்கிக் காற்றைச் செலுத்தினார். அவள் பிழைத்தாள். வேண்டுமளவு பொறிகள் அந்நாளில் இல்லை. ஆதலின் மாணவர் ஏறத்தாழ 1,500 பேர் முறைவைத்துக் கட்டிலருகே அமர்ந்து, இரவும் பகலும் வாரக்கணக்கிற் பையை அழுக்கினர்.

அவருட் பலர் எம்மை ஒத்த இளையராயிருந்திருப்பர். வாதநோயைத் தீர்க்கும் மருந்து அவரிடம் இல்லை. நோயாளியின் உடல் தன் வேலையைத் தானே ஏற்கும் வரை அதனைத் தம் கைகளாற் செய்தனர், அவ்வளவே. அதனாற் பலர் உயிர் தங்கிற்று.

தமிழ் மாணவராகிய எமக்கு அப்பையை ஏந்தும் தொழில் வாய்க்காதிருக்கலாம். ஆயினும் அறிந்ததனைத் தாய்மார்க்குத் தெளிந்த தமிழிற் சொல்லும் தொழில் எம்முடையதே. பிள்ளைக்கு நீர்வேட்கை மிகுந்து, பலகால் சிறுநீர் கழிந்து, உடல் மெலிந்தால் அன்றே சர்க்கரை உண்டோவெனச் சோதித்தல் வேண்டும். அதனோடு வாந்தியும் ஆழ்ந்து விரைந்த மூச்சும் சேர்ந்தால், ஒரு நாழிகையும் தாழாது மருத்துவமனை செல்லல் வேண்டும். இதனை வாசிக்கும் மாணவ நண்பர் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்தில் இன்றே இதனைச் சொல்வாராக.