நாற்பது டிகிரிக்குள் ஒரு வேலை

ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸுக்கு எண்ணெய் மாற்றுவதைப் பார்க்க வேண்டுமானால், சுப்ஹு தொழுதுவிட்டு ஆட்கள் திரும்பும் நேரத்துக்கு வந்துவிடச் சொல்லியிருந்தார் மெக்கானிக் பாய். வெயில் ஏறிவிட்டால் அந்த வேலையை அவர் தொடுவதில்லை. சித்திரை மாதம். லால்பேட்டையில் எட்டு மணிக்கே தகரக் கூரை சுட ஆரம்பித்துவிடும். முந்தின ராத்திரியே வண்டியைக் குழியின் மேல் ஏற்றி, ரசமட்டம் வைத்து நாலு சக்கரமும் மட்டமாக நிற்கிறதா என்று பார்த்து, ஆற விட்டிருந்தார்.

லால்பேட்டை வீராணம் ஏரிக்கரை ஊர். பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய ஏரி. 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் இங்கிருந்து போகிறது. ஊருக்குள் 1862இல் தொடங்கிய மன்பவுல் அன்வார் அரபிக் கல்லூரி, ஊரைச் சுற்றி நெல்லும் வெற்றிலைக் கொடிக்காலும். வளைகுடாவில் ஆள் இல்லாத தெரு இங்கே அபூர்வம். அந்தக் காசில் முதலில் வீடு எழும்பும், அப்புறம் கல்யாணம், அதற்கும் அப்புறம் வண்டி. இன்னோவாவும் ஃபார்ச்சூனரும்தான் அதிகம். நடுநடுவே பெங்களூரிலோ சென்னையிலோ இரண்டாம் கையாக வாங்கிய ஆடி, பிஎம்டபிள்யூ, பென்ஸ், ரேஞ்ச் ரோவர். புதிதில் முக்கால் கோடிக்குப் போன வண்டி, பத்து வருடம் கழித்து ஒரு சாதாரண புதுக் கார் விலைக்கு வந்துவிடும். வண்டியின் விலைதான் இறங்குகிறது. அதற்குள் இருக்கிற சாமான்களின் விலை இறங்குவதில்லை.

பாயும் அந்தப் பக்கம் போய் வந்தவர்தான். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஹெல்பராகச் சேர்ந்து, குவைத் ஷுவைக்கில் கியர் பாக்ஸ் பிரிக்கிற ஆளாகி, ஊர் திரும்பி காட்டுமன்னார்கோவில் சாலையில் பட்டறை போட்டார். "அங்க மணல்ல ஏத்தி எறக்குவாங்க தம்பி, வெளிய நாப்பத்தெட்டு டிகிரி. எண்ணெய் கருகுனா என்ன வாசனை வரும்னு மூக்குக்குத் தெரிஞ்சது அங்கதான்" என்றார்.

குழியின் மேல் நின்றது ஜெர்மன் எஸ்யூவி. எட்டு கியர் ஆட்டோமேட்டிக், கர்நாடகப் பதிவு. சொந்தக்காரர் துபாயில் இருக்கிறார். மச்சான் கொண்டுவந்து விட்டிருக்கிறார். ஐம்பது, அறுபது வேகத்தில் காலை லேசாக வைத்து ஓட்டினால் வண்டி நடுங்குகிறதாம். காலை அழுத்தினால் நடுக்கம் போய்விடுகிறது. வாங்கிய கையோடு வேறொரு பட்டறையில் "எல்லா வண்டிக்கும் ஒத்துவரும்" என்று எழுதிய எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். நல்ல கம்பெனி எண்ணெய்தான், விலையும் அதிகம்தான் என்று மச்சான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"நல்ல எண்ணெய்தான் மாப்ள, நான் இல்லைங்கல. இதுக்கு நல்லதான்னுதான் கேக்குறேன்" என்றார் பாய்.

எஞ்சின் ஆயில் வழுக்கினால் பெரும்பாலும் போதும். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் ஓடுகிற எண்ணெய் வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். உள்ளே காகிதம் போன்ற உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டுகளும் வெறும் இரும்புத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டு எண்ணெயில் ஊறிக் கிடக்கின்றன. கியர் மாறும்போது வால்வு பாடி எண்ணெயை அழுத்தி ஒரு அடுக்கைச் சேர்க்கும், இன்னொன்றை விடும். அழுத்தம் தருவதும், பல்சக்கரங்களுக்கு மசகாவதும், சூட்டைக் கூலருக்குக் கொண்டுபோவதும் அதே எண்ணெய்தான். இது போதாதென்று, எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கிற டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒரு பூட்டுத் தட்டு இருக்கிறது. டீசல் மிச்சமாவதற்காக இன்றைய கியர் பாக்ஸ்கள் அதை முழுதாகப் பூட்டாமல், கொஞ்சம் நழுவ விட்டே ஓட்டுகின்றன. அந்த நழுவல் வேகம் கூடக்கூட உராய்வும் லேசாகக் கூட வேண்டும். மாறாகக் குறைந்தால் தட்டு பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். மச்சான் சொன்ன நடுக்கம் அதுதான். உராய்வை இந்தப் பதத்தில் வைத்திருப்பதற்கென்று எண்ணெயில் சேர்க்கும் மருந்தின் அளவு மிகச் சிறியது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு மாதிரி: குறைந்தால் சிவக்காது, கூடினால் வாய் வெந்துவிடும். எந்தத் தட்டுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை கியர் பாக்ஸ் செய்தவர் தீர்மானிக்கிறார்.

அதனால்தான் பாய் இதை எண்ணெய்க் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பில்லில் ஸ்பேர் பார்ட்ஸ் வரிசையில் எழுதுகிறார். நம்பர் இல்லாத பேரிங்கை யாரும் வாங்க மாட்டார்கள். எண்ணெயை மட்டும் நிறம் பார்த்து வாங்குகிறார்கள் என்பது அவருடைய மனக்குறை. சிவப்பாக இருந்தால் ஆட்டோ ஆயில் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. ஒழுகினால் எஞ்சின் ஆயிலிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகப் போட்ட சாயம் அது, தரத்துக்கு அடையாளமில்லை. இந்த வண்டியின் எட்டு கியர் பெட்டியைச் செய்கிற இசட்எஃப் கம்பெனியின் லைஃப்கார்டு 8 எண்ணெய் பச்சையாக இருக்கும். பென்ஸின் ஏழு கியர் பெட்டியில் முதலில் 236.14 என்ற சிவப்பு எண்ணெய் இருந்தது, பின்னால் வந்த பெட்டிக்கு 236.15 என்று நீலம் வந்தது, ஒன்பது கியருக்கு 236.17. டொயோட்டாவுக்கு டபிள்யூஎஸ். ஜெனரல் மோட்டார்ஸின் பழைய டெக்ஸ்ரான் 3 நூறு டிகிரி சூட்டில் ஏழு சென்டிஸ்டோக்கைத் தாண்டிய கெட்டி; 2005இல் வந்த டெக்ஸ்ரான் 6 புதிதாக இருக்கும்போதே 6.4க்கு மேல் போகக் கூடாது. டபிள்யூஎஸ் அதைவிடவும் மெலிது. மெலிந்த எண்ணெய்க்காக வடித்த வால்வில் கெட்டி எண்ணெயை விட்டால் அழுத்தம் வந்து சேரும் நேரம் மாறிப்போகும், கியர் உதைக்கும்.

ஒரு சாமான் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலேயே பழைய கதை இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸின் தொடக்ககால எண்ணெயில் உராய்வு மருந்தாகச் சேர்ந்தது ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெய். 1970களின் தொடக்கத்தில் அதற்குத் தடை வந்தது. மாற்று மருந்தோடு வந்த டெக்ஸ்ரான் இரண்டின் முதல் வகை, கூலரில் பற்றவைத்த ஈயத்தை அரிக்கத் தொடங்கியது. அரிப்பைத் தடுக்க இன்னொரு மருந்து சேர்த்து அடுத்த வகை வந்தது. திமிங்கிலத்தை எடுத்ததும் ரேடியேட்டர் ஒழுகியது என்று நான் சொன்னபோது பாய் சிரிக்கவில்லை. ஷுவைக்கில் இப்படி எத்தனையோ பார்த்திருப்பதாகத் தலையாட்டினார்.

சுவரில் பிளாஸ்டிக் உறை போட்டு ஒரு தாள் தொங்குகிறது. இசட்எஃப் கம்பெனி தன் கார் கியர் பெட்டிகளுக்கு எந்த எண்ணெய் செல்லும் என்று வெளியிடுகிற டிஇ-எம்எல் 11 பட்டியல். ஓரம் முழுக்க எண்ணெய் விரல் தடம். வேறு கம்பெனி எண்ணெயே கூடாது என்பதல்ல பாயின் கட்சி. டின்னைத் திருப்பி, பொடி எழுத்தில் இந்த நம்பருக்கு 'அப்ரூவல்' என்றிருக்கிறதா, 'சூட்டபிள்' என்று நழுவியிருக்கிறதா என்று பார்க்கிறார். முதலாவது, கியர் பாக்ஸ் செய்தவர் சோதித்து ஒப்புக்கொண்டது. இரண்டாவது, எண்ணெய் விற்பவர் தானாகச் சொல்லிக்கொள்வது. முதலாவது கிடைத்தால் வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வரும் எண்ணெயைவிட மலிவாக முடியும், அதை வாங்கச் சொல்கிறார். டூப்ளிகேட் பயம் இருப்பதால் ஏஜென்சியிலிருந்து பில்லோடு பஸ் பார்சலில் வரவழைக்கிறார். லிட்டர் ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிற சரக்கு. கள்ள மூடி போட ஆள் இல்லாமலா இருக்கும்?

வண்டியோடு வந்த கையேட்டைத் தேடியதில் கியர் ஆயில் மாற்றும் கணக்கே இல்லை, ஆயுளுக்கும் போதும் என்கிறது. மச்சான் அதைக் காட்டித்தான் முதலில் வாதாடினார். இது ஒரு வண்டிக் கம்பெனியின் வழக்கம் மட்டுமில்லை, பல கம்பெனிகள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் பெட்டியைச் செய்கிற இசட்எஃப், ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. இந்த முரண்பாட்டுக்கு நான் புரிந்துகொண்ட காரணம் எளிமையானது. புதுக் கார் விற்பவருக்கு முதல் சொந்தக்காரரின் பராமரிப்புச் செலவு குறைவாகத் தெரிய வேண்டும். லால்பேட்டைக்கு வந்து சேர்வது இரண்டாவது, மூன்றாவது கைக்கு மாறிய வண்டி. இங்கே மெக்கானிக்காக இருப்பதென்றால் கையேடு முடிகிற பக்கத்துக்கு அப்புறம் வேலை பார்ப்பது. பாயின் வாடிக்கையாளரில் ஒருவருக்குக்கூட ஷோரூம் வாரண்டி கிடையாது.

வேலை தொடங்கியது. முதலில் வடிக்கும் நட்டைத் தொடவில்லை. மேலே இருக்கிற ஊற்றும் நட்டு கழல்கிறதா என்று பார்த்தார். வடித்துவிட்டு ஊற்றுவாய் திறக்கவில்லையென்றால் வண்டி குழியிலேயே கிடக்க வேண்டியதுதான். பிறகு கீழே கேன் வைத்து வடித்தார். பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை, பழைய வெல்லப்பாகு நிறம். விரலில் தொட்டு முகர்ந்தார், என்னிடமும் நீட்டினார். லேசான புளித்த வாடை இருந்தது, கருகல் இல்லை. எட்டு கியர் பெட்டியின் சம்ப் பிளாஸ்டிக், ஃபில்டர் அதிலேயே சேர்ந்திருக்கும், முழுதாகத்தான் மாற்ற வேண்டும். பழைய சம்பின் காந்தங்களை வேஸ்ட் துணியால் வழித்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில் மை போல ஒரு பசை. "இது தேய்மானம். எல்லாப் பெட்டியிலயும் இருக்கும். ஊசி ஊசியா மின்னுச்சுன்னா அப்பவே மூடி வச்சிட்டு, ஆளக் கூப்புட்டுப் பேசிடுவேன்." துணியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் மின்னவில்லை.

வடிந்ததை அளந்து எழுதிக்கொண்டார். மொத்தக் கொள்ளளவு எட்டு லிட்டருக்கு மேல். கன்வெர்ட்டருக்குள் நிற்பது சம்ப் வழியாக இறங்காது. புதுசைக் கைப்பம்பில் ஏற்றினார், வழிந்ததும் நிறுத்தி, பையனை எஞ்சினை ஓட விடச் சொன்னார். இந்த வண்டியில் அளவுகோல் குச்சி கிடையாது. எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது ஊற்றுவாயைத் திறந்தால் மெல்லிய நூலாக வழிய வேண்டும், அதுதான் அளவு. ஸ்கேனரை மாட்டி, சூட்டைப் பையன் கத்திச் சொல்லிக்கொண்டே வந்தான். பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தினார்கள். முப்பத்து நாலு. முப்பத்தாறு. பாய் ஸ்பானரைப் பிடித்தபடி குழிக்குள் நிமிர்ந்து நின்றார். முப்பத்து ஒன்பதில் திறந்தார்; வழியவில்லை. ஒரு பம்பு, இன்னொரு பம்பு. நாற்பதில் நூல் விழுந்தது, மூடினார்.

அதிகாலை எதற்கு என்பது அப்போது விளங்கியது. எண்ணெய் சூடானால் விரியும். ஐம்பதில் பார்த்து மூடினால் ஆறியதும் குறைந்துபோயிருக்கும். பம்ப் காற்றை இழுக்கும், கியர் சறுக்கும். கத்திரி வெயிலில் மதியம் இந்தப் பட்டறையில் ஓடாத வண்டியின் எண்ணெயே நாற்பதை நெருங்கிவிடும் என்கிறார். ஜெர்மனியில் எழுதிய எண் அது, அங்கே நாற்பது என்பது எஞ்சின் ஓடி ஏற வேண்டிய சூடு.

கார்த்திகையில் வேறு தொந்தரவு. வீராணம் நிரம்பி வெள்ளியங்கால் ஓடையில் உபரி நீர் திறந்தால் தாழ்வான சாலைகளில் தண்ணீர் ஏறும். உயரமான வண்டிதானே என்று இறக்குகிறார்கள். சூடான பெட்டி தண்ணீரில் திடீரென்று ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி, மூச்சுக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். வடித்தால் ரோஸ்மில்க் வரும். அதற்கு எந்த நம்பர் எண்ணெயும் போதாது. தட்டில் ஒட்டிய காகிதத்தின் பசையே தண்ணீரில் விட்டுப்போகும்; உடனே பிரித்தால்தான் பெட்டி மிஞ்சும். வெள்ளத்தில் இறங்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு வருகிறவரைப் பார்த்தால் பாய்க்கு மரியாதை கூடிவிடுகிறது.

வேலை முடிவதற்குள் இன்னொரு வண்டி வந்து நின்றது. இரண்டு லட்சம் ஓடியது, கியர் ஆயில் மாற்றியதே இல்லை, மேடேறினால் எஞ்சின் மட்டும் கத்துகிறது. மெஷினில் போட்டு முழுசாக ஃப்ளஷ் செய்துவிடச் சொன்னார் வந்தவர். பாய் மறுத்துவிட்டார். தட்டு தேய்ந்த பெட்டியில் உதிர்ந்த தூள்தான் கொஞ்சநஞ்சம் பிடிப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது, கழுவினால் அதுவும் போய்விடும் என்பது மெக்கானிக்குகளிடையே பரவலான கருத்து. எண்ணெய் பழசாக இருப்பது எப்போதும் கெடுதல்தான், தேய்ந்தது எண்ணெய் மாற்றியதால் தேயவில்லை என்று மறுக்கிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது கட்சிதான் சரியாகப் படுகிறது. ஆனால் மறுநாள் வண்டி நின்றுவிட்டால் பழி யார் தலையில் விழும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பாய் செய்தது தப்பென்று சொல்ல வரவில்லை.

மச்சான் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். நடுக்கம் குறைந்திருக்கிறது, போகவில்லை என்றார்.

"போகாது. பழசு இன்னும் கன்வெர்ட்டர்ல நிக்குது. ஐநூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, இன்னொரு தடவ வடிச்சு ஊத்துவோம். அப்பவும் நடுங்குச்சுன்னா கன்வெர்ட்டரக் கழட்டணும்."

"மறுபடியும் அவ்வளவு காசா பாய்?"

"எண்ணெய்க்கு மட்டும் குடுங்க. கூலி வேணாம். சம்பும் ஃபில்டரும் புதுசு, அது அப்படியே இருக்கட்டும்."

மச்சான் துபாய்க்கு ஃபோன் போட்டார். அந்தப் பக்கம் இன்னும் விடியவில்லை போலும், யாரும் எடுக்கவில்லை. பாய் பில்லில் எண்ணெயின் நம்பரையும் கிலோமீட்டரையும் எழுதி, அடுத்த வண்டிக்காரரிடம் பேசப் போய்விட்டார்.