விருந்தினருக்கு ஒரு நாள் உலா

தாய்நாட்டிலிருந்து நம் இல்லம் நாடி வரும் உற்றார், "ஒரே நாளில் ஊரைக் காட்டிவிடுங்கள்" என்று கேட்பது இயல்பு. புரோத்ராபூரில் வாழும் நமக்கு அது அரிய செயலன்று. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட்பிளேர் அருகிலேயே உள்ளது.

காலையில் பாலங்கடந்து சாத்தம் தீவுக்குச் செல்லலாம். அங்கு 1883-இல் நிறுவப்பட்ட மர அறுவை ஆலையும், செந்நிறப் படாக்கு மரத்தின் அழகும், 1942-இல் ஜப்பானியர் வீசிய குண்டு பறித்த பள்ளமும் காணத்தக்கவை.

பின்னர்ப் படகேறினால் ராஸ் தீவு. 2018 முதல் அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. ஆங்கில அதிகாரிகள் கொலுவீற்றிருந்த அத்தலைமையிடத்தில், இன்று மாளிகைச் சுவர்களை மரவேர்கள் பற்றி நிற்கின்றன, மான்கள் உலவுகின்றன.

மாலைப்பொழுதைச் செல்லுலார் சிறைக்கென ஒதுக்குங்கள். 1896 முதல் 1906 வரை எழுப்பப்பட்ட அதன் ஏழு சிறகுகளில் மூன்றே எஞ்சியுள்ளன. ஒரு சிறகின் முகப்பு மற்றொன்றின் முதுகையே நோக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் காணலாகாது என்பதே அவ்வமைப்பின் நோக்கம். மேல்தளத்தில் நின்றால் எதிரே ராஸ் தீவு தெரியும். ஆண்டவர் மாளிகை பாழாயிற்று. அடைபட்டோர் கொட்டடி 1979 முதல் தேசிய நினைவகம்!

பொழுது போதாவிடில் வேறெதையேனும் விட்டுவிடலாம்; இதனை விடலாகாது. பிழைப்புத் தேடி விரும்பி வந்தவர் நாம். விலங்கோடு கொணரப்பட்டோர் அவர்கள். இங்கேயே பிறந்து வளரும் நம் மக்களையும் உடனழைத்துச் சென்று, ஓர் அறைக்குள் சற்றுநேரம் நிற்கச் செய்யுங்கள். தாம் வாழும் மண்ணின் வரலாற்றை அவர்கள் அறிய வேண்டாமா?