காற்றுப் பம்பியும் வீண்பழியும்

லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் நாம் வசித்த நாளில், எம்மிடம் 1970ஆம் ஆண்டு எம்.ஜி.பி. மோட்டார் வண்டியொன்று இருந்தது. இங்கிலாந்தின் அபிங்டனிற் பிறந்தது. வேகங் கூட்டினால் அதற்கு மூச்சுத் திணறும். "புகையைக் குறைக்கவென்று பூட்டிய காற்றுப் பம்பியே காரணம், கழற்றி எறியுங்கள்" என்றனர் நண்பர்.

மகன் ஆவலோடு சாவியை எடுத்தான். முதலிற் பம்பியின் பட்டியை மட்டும் கழற்றி, முற்றத்தில் நிறுத்தியபடியே முடுக்கிப் பார்த்தோம். திணறல் தீரவில்லை. பின்னர் இரு காபரேற்றர்களையும் திறந்தோம். ஒன்றின் தண்டில் எண்ணெய் வற்றியிருந்தது! சிறிது வார்த்ததும் இயந்திரம் இனிது பாடிற்று.

பம்பி செய்த குற்றந்தான் யாது? நான்கு சிலிண்டர்களின் புகைவாயிலிலும் புதுக்காற்றைச் செலுத்தி, எரியாது எஞ்சிய பெற்றோல் ஆவியை எரிப்பதே அதன் பணி. அவ்வாவி நைதரசன் ஒட்சைட்டுகளோடு வெய்யிலிற் கூடினால் ஓசோன் உண்டாகும். இதனை 1950களில் அருகேயுள்ள பசடீனாவிலிருந்து ஹாகன்-சிமிற் என்னும் அறிஞர் விளக்கினார்.

அடுத்த வீட்டுச் சிறுமிக்குத் தொய்வு. அவள் இருமல் வேலிக்கப்பால் கேட்டது.

"அப்பா, பட்டியை மாட்டட்டுமா?" என்றான் மகன்.

"மாட்டு" என்றோம்.