போவதும் வருவதுமான ஊர்

இமாசலப் பிரதேசத்துச் சம்பா நகரத்தை விட்டுப் புறப்படும் மலைச்சாலை, ராவி நதியின் கரையைப் பற்றிக்கொண்டே தென்கிழக்காக வெகுதூரம் சென்று, கராமுக் என்னுமிடத்தில் நதியை விட்டுப் பிரிந்து, அங்கே அதில் வந்து கலக்கும் புடில் என்ற உபநதியின் குறுகிய பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. அந்தப் பள்ளத்தாக்கின் மேல், ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில், மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி வயலாக்கிக்கொண்டு, அறுவடை முடிந்த நாட்களில் கற்பலகைக் கூரைகளின்மேல் மக்காச்சோளக் கதிர்களைப் பரப்பி உலர்த்திக்கொண்டு, தேவதாரு மரங்கள் சூழ்ந்த ஒரு கோயில் முற்றத்தைச் சுற்றி அமர்ந்திருக்கிறது பர்மோர் என்னும் சிற்றூர். சம்பாவிலிருந்து 60 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ஆனால் வளைவுகளை எண்ணிக்கொண்டு வருபவருக்குத் தூரம் அதைவிட மிகுதியாகவே தோன்றும். ஏரியும் வயலும் கோயிலுமாக ஓரிடத்தில் வேரூன்றிக் கிடப்பதையே ஊர் என்று எண்ணிப் பழகிய நமக்கு இதனை அறிமுகம் செய்வதில் ஒரு சங்கடம் உண்டு. ஆண்டில் ஏறக்குறைய பாதி நாள், இவ்வூரார் பலர் இவ்வூரில் இருப்பதில்லை. அவர்களுடைய தெய்வமும் இருப்பதில்லை.

பிரம்மபுரம் என்பது இதன் பழைய நாமம். சம்பா இராச்சியத்தின் ஆதி ராஜதானி இதுவே. 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே ஆண்ட மேருவர்மன் என்ற அரசன், லக்ஷணா தேவிக்கும் கணபதிக்கும் பித்தளையில் விக்கிரகங்கள் வார்ப்பித்து, உயிருள்ள காளையின் அளவிலேயே ஒரு நந்தியையும் நிறுத்தினான். அவற்றின் பீடங்களில் அரசன் பெயரோடு, வார்த்த கம்மியன் குக்காவின் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பது கவனிக்கத்தக்கது. தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனின் பெயரைக் கல்லில் கண்டு பெருமிதம் கொள்ளும் நாம், அதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இமயத்தின் ஒரு மூலையில் ஒரு தொழிலாளிக்கு இந்த மரியாதை கிடைத்திருப்பதை எண்ணி மகிழலாம். கணபதியின் கால்கள் ஏதோ ஒரு படையெடுப்பில் சிதைந்து போயின. லக்ஷணா தேவியோ மகிஷனை மிதித்த கோலத்தில் குறையின்றி நிற்கிறாள். அவளுடைய கோயில் மரத்தாலானது. வெளியிலிருந்து பார்ப்பவர் சாதாரண மலைவீடு ஒன்று என்று கடந்துபோகக்கூடிய அந்தக் கட்டடத்தின் வாயில்நிலையிலும் உள்தூண்களிலும் குப்தர் காலத்துச் சிற்பநயத்தின் கடைசிக் கொழுந்துகள் தேவதாரு மரத்தில் தளிர்த்திருக்கின்றன. பனியும் மழையும் நெருப்பும் ஓயாத ஒரு தேசத்தில் இத்தனை நூற்றாண்டு மரம் நின்றிருப்பதை, கருங்கல்லையே நம்பிக் கோயில் எடுத்த நம் நாட்டார் வியக்காமலிருக்க முடியாது. 1911-இல் இந்தச் சாசனங்களையெல்லாம் படித்து நூலாக்கிய டச்சு அறிஞர் வோகெலுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

10ஆம் நூற்றாண்டில் சாகிலவர்மன் என்பவன் ராஜதானியைக் கீழே ராவிக் கரையில் இன்றைய சம்பாவுக்கு மாற்றிக்கொண்டான். அரசனும் பரிவாரமும் இறங்கிப்போன பிறகு, குக்காவின் விக்கிரகங்கள் மட்டும் மேலேயே தங்கிவிட்டன. அவை இருக்கும் முற்றத்துக்குச் 'சௌராசி', அதாவது எண்பத்து நான்கு, என்று பெயர். சாகிலவர்மன் காலத்தில் 84 சித்தர்கள் இங்கே வந்து தங்கி, பிள்ளையில்லாதிருந்த அவனுக்குப் பத்துப் புத்திரர்களையும் சம்பாவதி என்ற ஒரு புத்திரியையும் வரமளித்தார்கள் என்பதும், அந்த மகளின் விருப்பத்துக்காகவே புதுநகரம் கண்டான் என்பதும் ஐதிகம். மணிமகேசர் என்ற பெயரில் சிவபெருமானுக்குச் சிகரம் வைத்த கற்கோயில் நடுநாயகமாக நிற்க, சிறியதும் பெரியதுமான சன்னிதிகள் சுற்றிலும் நெருங்கிக் கிடக்கின்றன. ஒரு மூலையில் தர்மராஜனுக்கும் ஒரு கோயில் உண்டு. உலகில் யார் இறந்தாலும் அவருடைய ஆத்மா முதலில் இங்கே வந்து, சித்திரகுப்தன் கணக்கு வாசிக்க, யமனுடைய தீர்ப்பைக் கேட்டுத்தான் அப்பால் செல்லவேண்டும் என்பது இவ்வூராரின் திடமான நம்பிக்கை. போய்ச்சேருபவர்களுக்கும் இது ஒரு வழித்தங்கல் போலும்!

இந்நாட்டின் மக்கள் கத்திகள் எனப்படுவோர். அவர்கள் வாழும் பிரதேசத்துக்குக் கத்தேரன் என்று பெயர். 'கத்தி' என்ற சொல் சிவபெருமானுடைய ஆசனத்தைக் குறிக்கும் என்று அவர்கள் பொருள் கூறுகிறார்கள். நம் செவிக்கு அது ஆயுதமாக ஒலித்தாலும், ஆடு மேய்ப்பதையும் கொஞ்சம் உழுவதையும் தொழிலாகக் கொண்ட சாதுவான ஜனங்கள் அவர்கள். ஔரங்கசீப்பின் காலத்தில் லாகூர்ப் பக்கத்திலிருந்து தப்பி வந்து மலையேறியவர்கள் தங்கள் முன்னோர் என்று சொல்லிக்கொள்வார்கள். அந்தச் சக்கரவர்த்திக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இங்கே அரசும் கோயிலும் இருந்தமையால், எல்லாரும் அவ்வாறு வந்தவர் என்று கொள்வதற்கில்லை. அலையலையாக வந்தேறியவர்கள், முன்பே இருந்தவர்களோடு கலந்து ஓர் இனமாயினர் என்று கொள்வதே பொருந்தும். ஓர் இனம் என்றேனேயொழிய ஒரு சாதி என்று சொல்லவில்லை. பட்டர் என்னும் பிராமணர்களும், ராஜபுத்திரரும், கத்ரியரும், ராட்டியரும் இப்பெயருக்குள் அடங்குவர். அதே மலையில், அதே மொழி பேசி, அதே கம்பளம் போர்த்து வாழும் ஸிப்பி, ஹாலி முதலிய தாழ்த்தப்பட்ட வகுப்பார் தங்களையும் கத்திகள் என்று கூறிக்கொள்ளும்போது மட்டும் மற்றவர் முகம் சுளிக்கிறார்கள். பனி எல்லார்மேலும் ஒன்றுபோலப் பெய்கிறது என்பதை மனிதர் கற்றுக்கொள்ள இன்னும் காலம் பிடிக்கும் போலிருக்கிறது.

இனி அவர்களுடைய ஆண்டுப் பிரயாணத்தைச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் பர்மோரைச் சொன்னதாகாது. குளிர்காலம் முழுவதும் மந்தைகள் தௌலதார் மலைத்தொடருக்குத் தெற்கே, கத்திகள் 'ஜாந்தர்' என்று வழங்கும் காங்க்ராச் சீமையின் காடுகளிலும் குன்றுகளிலும் மேய்கின்றன. சித்திரை பிறந்து கீழே புல் காயத் தொடங்கியதும், இடையர்கள் மந்தையை மெல்லமெல்ல வடக்கே திருப்பி, பனி இளகுந்தோறும் ஒரு படி மேலேறி, 14,000 அடிக்கு மேற்பட்ட இந்திரஹார் போன்ற கணவாய்களையோ அதனினும் தாழ்ந்த ஜால்சுவையோ கடந்து, ஜூன் மாதவாக்கில் சொந்த நாட்டில் இறங்குவார்கள். இறங்கினால் இளைப்பாறலாம் என்பதில்லை. சில நாட்களுக்கெல்லாம் மறுபடியும் புறப்பட்டு, குக்தி, சோபியா, காளிசோ முதலிய இன்னும் உயர்ந்த கணவாய்களின் வழியாக, பருவமழை எட்டிப்பார்க்காத லாஹௌல் பிரதேசத்துப் புல்வெளிகளுக்குச் சென்றுவிடுவார்கள். அங்கே மழையின்றியே, பனி உருகிய ஈரத்தில் மட்டும் வளரும் புல், ஆட்டுக்கு நெய்யும் பாலும் ஊட்டியதுபோன்ற புஷ்டியைத் தருவது. செப்டம்பரில் முதற்பனி அச்சுறுத்தும்போது திரும்பி, ஐப்பசியில் பர்மோரைத் தொட்டு, கார்த்திகைக்குள் மீண்டும் ஜாந்தருக்கு இறங்கிவிட வேண்டும். ஒரு வாரம் பிந்தினால், கணவாயின் மேல் மந்தை முழுவதையும் பனி விழுங்கிவிடக் கூடும்.

போகும் வழியில் அறுவடையான வயல்களில் அவர்கள் மந்தையை இராத்தங்க விடுவதும், அந்த எருவுக்காக நிலத்துக்காரர் தானியமோ பணமோ கொடுப்பதும், நம் இராமநாதபுரத்துக் கீதாரிகள் வயலில் கிடை போடுவதை அப்படியே நினைவூட்டும். வேற்றுமை ஒன்றுதான்: நம் கீதாரிக்குக் கிடைக்கு இடமாகத் தரிசு வயலும் கண்மாய்க்கரையும் உண்டு, கத்தி இடையனுக்கோ இன்று வயல், நாளை பனிப்பாறை. 'புஹால்' எனப்படும் அவன், கையில் தக்ளியைச் சுழற்றி நூல் நூற்றுக்கொண்டே நடப்பான். மந்தையைச் சூழ்ந்து, சிறுத்தையின் பற்கள் பதியாவண்ணம் இரும்பு முட்கள் வைத்த பட்டையைக் கழுத்தில் அணிந்த பருத்த நாய்கள் உடன் வரும்.

அவனுடைய உடை தனியாகச் சொல்லத்தக்கது. வெள்ளைக் கம்பளியில் தைத்த, முழங்கால்வரை தொங்கும் தளர்ந்த அங்கி 'சோளா'. அதை இடுப்பில் இறுக்கிச் சுற்றும், கருங்கம்பளி நூலாலான மிக நீண்ட கயிறு 'டோரா'. கயிற்றுக்கு மேலே அங்கியின் மார்புப் பகுதி ஒரு பெரிய மடியாக விரிந்திருக்க, வழியில் ஈன்ற குட்டியை, அது நடக்கப் பழகும்வரை, அந்த மடிக்குள் வைத்துக்கொண்டு மலையேறுவான். அதே மடியில் ரொட்டியும் இருக்கும், புகையிலையும் இருக்கும். இராத்திரியில் கயிற்றை அவிழ்த்தால் அங்கியே படுக்கையாகவும் போர்வையாகவும் ஆகிவிடும். சிவபெருமானே இந்த உடையைத் தரித்தவர் என்றும், அவரே தங்களுக்கு அதை அருளினார் என்றும் கத்திகள் சொல்வார்கள். புலித்தோலையும் பாம்பையும் தரித்த பெருமானைக் கம்பளி அங்கியோடு கற்பனை செய்வது நமக்குச் சற்றுக் கடினம். ஆனால் ஜனவரி மாதத்துத் தௌலதாரைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கற்பனையில் நியாயம் தெரியும்.

சிவனைப் பற்றிய இந்த உரிமை அவர்களுடைய சமயம் முழுவதிலும் ஊடுருவி நிற்கிறது. வீட்டில் விவாகமோ, புதுமனை புகுதலோ, நேர்த்திக்கடனோ இருந்தால் 'நுவாலா' என்ற பூஜையை இராமுழுவதும் நடத்துவார்கள். பூமாலை தொங்கவிட்டு, கீழே மண்டலம் எழுதி, சிவசரிதத்தைப் பாடுவோர் விடியும்வரை பாட, ஆடு ஒன்று பலியாகும். பலிக்கு நிறுத்திய ஆட்டின்மேல் நீர் தெளித்தால் அது உடலைச் சிலிர்த்து உதறவேண்டும். உதறினால்தான் தெய்வம் ஏற்றுக்கொண்டது என்று பொருள். மஞ்சள்நீர் தெளித்து ஆடு தலையாட்டுவதற்காகக் காத்து நிற்கும் நம் கிராம தேவதைக் கோயில்களை அறிந்தவர்களுக்கு, இந்த ஒரு கணத்தில், பாரத தேசத்தின் இரண்டு கோடிகளும் ஒன்றையொன்று தொடுவதாகத் தோன்றும். கணவாய்களின் உச்சியில் கற்களைக் குவித்துத் திரிசூலம் நட்டிருப்பார்கள். அங்கே வழிபடாமல் எந்த மந்தையும் மறுபுறம் இறங்காது. சந்ததியின்றியோ அகாலத்திலோ மறைந்தவர்களும் குடும்பத்தை விட்டு நீங்குவதில்லை என்று நம்பி, 'ஔதர்' என்ற பெயரால் அவர்களுக்குக் கல் நாட்டி வழிபடுகிறார்கள்.

ஊருக்கு மேலே, ஹட்ஸர் கிராமத்துக்கு அப்பால் 13 கிலோமீட்டர் நடந்து ஏறினால், 13,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் மணிமகேச ஏரி. அதற்கு எதிரே 18,500 அடி உயரத்தில் மணிமகேச கைலாசம். கிருஷ்ண ஜயந்தியிலிருந்து ராதாஷ்டமிவரை யாத்திரிகர்கள் வந்து நீராடுகிறார்கள். சச்சுயின் கிராமத்திலிருந்து வரும் சிவனுடைய 'சேலா'க்கள், ஆவேசம் வந்த நிலையில், குளிர்ந்த அந்த நீரைக் குறுக்கே கடந்த பிறகே மற்றவர்களுக்குப் பெரிய ஸ்நானம். சிகரத்தில் மனிதர் எவரும் கால்வைத்ததில்லை. 1968-இல் இந்திய, ஜப்பானியப் பெண்கள் அடங்கிய குழு ஒன்று முயன்று திரும்பியது. அதற்கு முன்பே, எந்தக் காலத்திலோ, ஓர் இடையன் தன் மந்தையோடு ஏறப் புகுந்து, ஆடுகளோடு கல்லாகிப் போனான். பெருஞ்சிகரத்தைச் சூழ்ந்து நிற்கும் சிறு முடிகளே அவனும் அவனுடைய மந்தையும் என்று காட்டுகிறார்கள். எங்கும் போகலாம் என்றிருந்த ஜாதிக்கு, போகக்கூடாத இடம் ஒன்றும் இருக்கவேண்டும் என்று அவர்களே விதித்துக்கொண்டதாக இதை நான் வாசிக்கிறேன்.

குளிர்காலத்தில் இந்தச் சிவனும் கைலாசத்தை விட்டுக் கீழே பியால்புரி என்ற இடத்துக்குப் போய்விடுகிறார் என்பது நம்பிக்கை. தெய்வம் போன மலையில் கதவைத் திறந்துவைத்து என்ன பயன்? பல சன்னிதிகளைச் சாத்திவிடுகிறார்கள்.

இன்றைய நிலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெள்ளையர் காலத்தில், காங்க்ராவின் நிலவரித்திட்டத்தை நடத்திய லயால் என்ற அதிகாரி, மந்தைக்காரர்களின் பரம்பரை மேய்ச்சல் பாத்தியதைகளை ஏட்டில் பதிந்தார். அப்பொழுதுமுதல் மேய்ச்சல், உரிமையாகவும் வரியாகவும் அனுமதிச்சீட்டாகவும் மாறி மாறி, ஆண்டுக்காண்டு குறுகி வருகிறது. கீழ்க்காடுகளில் உண்ணிச்செடி படர்ந்து புல்லை மூடிவிட்டது. எஞ்சிய இடங்களில் வனத்துறை கன்று நட்டு வேலியிடுகிறது. ஒரே மக்கள், மலையின் வடபுறத்துப் பர்மோரில் பழங்குடியினர் என்றும், 1966-இல் பஞ்சாபிலிருந்து இமாசலத்தோடு வந்து சேர்ந்த தென்புறத்துக் காங்க்ராவில் அவ்வாறல்லர் என்றும் வெகுகாலம் சர்க்கார் கணக்கில் பிளவுண்டு கிடந்தனர். 2003-இல்தான் அது சரியாயிற்று. படித்த பிள்ளைகள் மந்தையோடு போக விரும்புவதில்லை என்று முதியவர்கள் குறைப்படுகிறார்கள். குறைப்படும் முதியவரே தம் மகனுக்குச் சர்க்கார் உத்தியோகம் தேடுவார். அதையும் தவறென்று சொல்ல நமக்கு உரிமையில்லை. புடில் பள்ளத்தாக்கில் நீர்மின் நிலையம் வந்திருக்கிறது. ஆப்பிள் தோட்டங்கள் வந்திருக்கின்றன. தோட்டம் வைத்தவன் ஓரிடத்தில் தங்கித்தான் ஆகவேண்டும்.

பள்ளத்தாக்கின் கோடியில், மேல்நோக்கிச் செல்லும் மந்தைகள் கடைசியாகக் காணும் கிராமம் குக்தி. அங்கே ஒரு கோயில். உள்ளிருப்பவர் கார்த்திக் ஸ்வாமி. கேலங் என்ற நாட்டுப் பெயராலும் வழங்கப்படுகிறார். முல்லைக்கு மாயோன், குறிஞ்சிக்குச் சேயோன் என்று நிலத்தைப் பிரித்துத் தெய்வத்தை வகுத்த மரபில் வந்த நமக்கு, முல்லையும் குறிஞ்சியும் ஒன்றாகிவிட்ட இந்த உயரத்தில், ஆட்டிடையர்களுக்குக் காவலாக நம் சேயோனையே காண்பது, வழி தவறி நடந்தவன் சொந்த வீட்டு வாசலில் வந்து நின்றதுபோல் இருக்கும். நவம்பர் மாத இறுதியில் கோயிலைச் சாத்தும்போது, சன்னிதியில் ஒரு பாத்திரம் நிறைய நீர் வைத்துப் பூட்டுகிறார்கள். அதன்பின் கதவு திறக்கும் நாள்வரை யாரும் அந்தப் பக்கம் போகலாகாது. பனி மூடிக் கிடக்கும் அந்த நாலரை மாதமும் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெய்வத்துக்கே வெளிச்சம்.

வைசாகியன்று, அதாவது நாம் சித்திரை முதல் நாளென்று பஞ்சாங்கம் படிக்கும் அதே வேளையில், பூசாரி வந்து தாழ் நீக்குகிறார். வழிபாடெல்லாம் பிறகுதான், முதலில் எல்லார் கண்ணும் பாத்திரத்தின்மேல் விழுகிறது. நீர் ததும்ப இருந்தால் அவ்வாண்டு மழைக்குக் குறைவில்லை, வற்றியிருந்தால் வறட்சி. அங்கிருந்து இரண்டு மலைகளுக்கு அப்பால், ஜாந்தரில், கயிற்றை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மந்தையை வடக்கே திருப்பக் காத்து நிற்பவனும், பாத்திரத்தில் எவ்வளவு நீர் இருந்தது என்றுதான் கேட்கிறான்.